கெகோவா கடலில் ஓர் ஏகாதசி

போன வருஷம் ஜூலை மாதம், அதாவது 2000-இல், நாங்கள் மூன்று பேரும் துருக்கி போய் வந்தோம். மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு வாரம். அதில் ஒரு நாள் முழுக்கக் கடலில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு. போய் வந்து எட்டு மாதமாகிறது. எந்தப் பயணம் போனாலும் மறுநாளே உட்கார்ந்து எழுதி இந்தப் பக்கத்தில் போட்டுவிடுவது என் வழக்கம். இதை மட்டும் எழுதக் கை வரவில்லை. இப்போது எங்கள் நியூஜெர்சி வெஸ்ட் வின்ட்சரிலிருந்தே இரண்டு குடும்பங்கள் வருகிற கோடையில் அதே இடத்துக்குக் கிளம்புகிறார்கள், போனில் விவரம் கேட்கிறார்கள். பஸ் எத்தனை மணிக்கு, அறை வாடகை எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டு, நடந்ததை மறைப்பது சரியில்லை என்று தோன்றுகிறது. அதனால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், கோயில் குளம் என்று போகிற நாங்கள் கயாக்குக்கு எப்படிப் போனோம் என்று சொல்ல வேண்டும். எங்கள் பெண் பிருந்தாவுக்கு அப்போது பதினோரு வயது. அதற்கு முந்தின கோடை முகாமில் பிரின்ஸ்டன் கால்வாயில் கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரே பேச்சு. "எவ்ரி வெக்கேஷன் டெம்பிள்தான். ஒன் வெக்கேஷன், ஜஸ்ட் ஒன், நான் சூஸ் பண்றேன்" என்றாள். அவள் அப்பா ஆபீசில் யாரோ துருக்கிக் கடலோரத்தைப் பற்றிச் சொல்ல, கடலுக்குள் மூழ்கிப்போன ஒரு பழைய ஊரின் மேலேயே கயாக்கில் போகலாம் என்று தெரிந்ததும் அவளை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை.

என் கணவர் சம்மதித்தார். ஆனால் நிபந்தனை போட்டது எனக்கு.

"போலாம். ஆனா அந்த ஒரு வாரம் நீ விரதமெல்லாம் இருக்கப்படாது புள்ள. ஒழுங்காச் சாப்பிடோணும். சரின்னு சொல்லு, டிக்கெட் எடுக்கிறேன்."

மாதம் இரண்டு ஏகாதசிக்கும் நான் துளசித் தீர்த்தம் தவிர வேறெதுவும் எடுப்பதில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தை இல்லாதபோது பெருமாளிடம் வேண்டிக்கொண்டு ஆரம்பித்தது, பிருந்தா பிறந்த பிறகும் விடவில்லை. பதினான்கு வருஷம். போன வருஷம் வசந்தத்தில் ஓர் ஏகாதசியன்று காய்கறிக் கடை வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்துவிட்டேன். பிருந்தா கூட இருந்தாள். அதிலிருந்து இவருக்கு ஏகாதசி என்றாலே கோபம்.

"சரிங்க" என்றேன். சொல்லும்போதே இருந்துவிடுவது என்றுதான் மனசில் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கென்னடி விமான நிலையத்திலிருந்து இஸ்தான்புல், அங்கிருந்து அந்தால்யா. மூன்று பேருக்கும் சேர்த்து டிக்கெட் 2,640 டாலர். எங்கள் இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட், ஆகவே நியூயார்க் தூதரகத்தில் முன்னாலேயே விசா வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ள பிருந்தாவுக்கு இறங்கிய இடத்திலேயே 45 டாலருக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் அதிர்ச்சி அந்தால்யா விமான நிலையத்தில். இருநூறு டாலரை மாற்றப் போன என் கணவர் இரண்டு கையிலும் நோட்டோடு வந்தார். ஒரு டாலருக்கு ஆறு லட்சத்து இருபதாயிரம் லிரா! கணக்குப் போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டு கோடியே நாற்பது லட்சம்.

"ஒரே நாள்ல கோடீஸ்வரி ஆயிட்ட பாரு" என்று சிரித்தார்.

"ஒரு டீ ரெண்டு லட்சம்ங்கிறான். இந்தக் கோடி எத்தன நாளைக்குங்க வரும்?" என்றேன். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு பில்லைப் பார்த்தும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. போகிறவர்கள் கடைசி மூன்று பூஜ்யத்தை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள், கொஞ்சம் பயம் குறையும்.

அந்தால்யாவிலிருந்து காஷ் என்ற சின்ன ஊருக்கு மினிபஸ். 190 கிலோமீட்டர், மூன்று மணி நாற்பது நிமிடம், ஆளுக்கு 35 லட்சம் லிரா, அதாவது ஐந்தரை டாலருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அப்படியே கீழே கடல், நடுவில் தடுப்புச் சுவர் இல்லாத சாலை. டிரைவர் ஒரு கையால் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே ஓட்டினார். பிருந்தா ஜன்னல் பக்கம், நான் கண்ணை மூடிக்கொண்டு விஷ்ணு சகஸ்ரநாமம். இரண்டு முறை முழுதாகச் சொல்லி முடித்தும் ஊர் வரவில்லை.

காஷில் ஆறு இரவு தங்கினோம். வீட்டையே விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 25 டாலர், சுத்தமான அறை, மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும். சைவக்காரர்களுக்குக் கஷ்டமில்லை. தக்காளி, வெள்ளரி, ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தேன், சூடான ரொட்டி எல்லாம் தினமும் உண்டு. இவரும் பிருந்தாவும் முட்டை எடுத்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை மாலை கயாக் கடைக்குப் போய்ப் பதிவு செய்தோம். பெரியவர்களுக்கு 35 டாலர், குழந்தைக்கு 20. புதன்கிழமைதான் இடம் இருக்கிறது என்றார்கள். நான் கொண்டுபோயிருந்த கோயில் காலண்டரை அறைக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். அதில் போட்டிருப்பது நியூஜெர்சி நேரம். துருக்கி ஏழு மணி நேரம் முந்தியது. கூட்டிப் பார்த்தாலும் ஆனி வளர்பிறை ஏகாதசி புதன்கிழமைதான். நாளை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார். சொன்னால், அன்றைக்குச் சரி என்று ஒப்புக்கொண்டது என்னாவது? பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டில் விரத நாளில் மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறேன், துணி துவைக்கிறேன், வாக்வம் போடுகிறேன், துடுப்புப் போடுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, குளியலறையில் நின்று, டப்பியில் கொண்டுபோயிருந்த காய்ந்த துளசியைத் தண்ணீரில் போட்டு ஒரு மிடறு குடித்தேன். கதவை முழுதாகச் சாத்தவில்லை என்று அப்போது தெரியாது.

ஆறே முக்காலுக்குச் சாப்பாடு. துருக்கியில் பூனைகள் அதிகம், மேஜைக்குக் கீழேயே காத்திருக்கும். இவர் தேநீர் எடுக்க எழுந்து போன நேரம் பார்த்து என் தட்டிலிருந்த பாலாடைக்கட்டியையும் ரொட்டியையும் கீழே தள்ளினேன். ஒரு வெள்ளைப் பூனையும் அதன் குட்டியும் வந்து காலியாக்கின. பிருந்தாவின் நாற்காலிக்கு அடியிலும் இரண்டு பூனைகள் மும்முரமாக எதையோ தின்றுகொண்டிருந்தன. குழந்தைக்குப் பூனை என்றால் உயிர், ஏதோ கொஞ்சம் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சாப்பிட்டியா புள்ள? இன்னிக்குக் கையில பலம் வேணும்."

"ஆச்சுங்க. தட்டப் பாருங்க" என்றேன். தட்டு காலியாகத்தான் இருந்தது.

ஏழரைக்கு வேன். 33 கிலோமீட்டர் தள்ளி உச்சாவுஸ் என்ற மீனவ ஊர். எங்கள் வழிகாட்டி முராத், முப்பது வயதிருக்கும், முகமெல்லாம் வெயிலில் கறுத்துப்போனவர். எங்கள் மூன்று பேரைத் தவிர அன்று வேறு யாரும் இல்லை. கரையிலேயே பாடம் நடத்தினார். கவிழ்ந்தால் என்ன செய்வது, உயிர்காப்பு அங்கியை எப்படி இறுக்குவது, துடுப்பை எப்படிப் பிடிப்பது. நான் சுடிதார் மேல் அங்கியை மாட்டித் தாலிக்கொடியை உள்ளே தள்ளிக்கொண்டேன். கடைசியாக அவர் கேட்டார், யாருக்காவது உடம்பு சரியில்லையா, எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டீர்களா என்று. நான் தலையாட்டினேன். பிருந்தா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு "யெஸ்" என்றாள்.

ஒரு இரட்டைக் கயாக், ஒரு ஒற்றைக் கயாக், முராத்துக்கு இன்னொரு இரட்டை. அப்பாவும் பெண்ணும் இரட்டையில் போகட்டும், நான் நீச்சல் தெரியாதவள், என்னைத் தன் படகில் ஏற்றிக்கொள்கிறேன் என்று முராத் சொன்னார். பிருந்தா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "நோ. ஐ'ம் கோயிங் வித் அம்மா."

"அப்பனக் கழட்டி உட்டுட்டியே அம்மிணி!" என்று சிரித்தபடி இவர் ஒற்றைக் கயாக்கை எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கயாக்கில் ஏறி உட்கார்ந்ததும் அடுத்த அதிர்ச்சி. அதைப் படகு என்று சொல்லவே முடியாது. காலை நீட்டி ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம், தண்ணீர் இடுப்பு உயரத்தில் ஓடுகிறது. தும்மினால் ஆடுகிறது. முன்னால் பிருந்தா, பின்னால் நான். பின்னால் இருப்பவர் கால் மிதியால் திசை திருப்ப வேண்டும், முன்னால் இருப்பவர் தாளம் கொடுக்க வேண்டும்.

"அம்மா! டோன்ட் லீன்! ஸிட் ஸ்ட்ரெய்ட்!"

"நிமுந்துதான் கண்ணு உக்காந்திருக்கேன். கடல்தான் சாஞ்சிருக்குது."

அவள் சிரித்த சிரிப்பில் படகு இன்னும் ஆடியது. ஆனாலும் கால் மணி நேரத்தில் கை பழகிவிட்டது. பத்து பத்துக்குக் கெகோவா தீவை எட்டினோம். தீவின் ஓரமாகவே மெதுவாகப் போனோம். எப்போதோ ஒரு நிலநடுக்கத்தில் பாதி ஊர் கடலுக்குள் இறங்கிவிட்டதாம். பாறையில் வெட்டிய படிகள் மேலிருந்து இறங்கி வந்து, நிற்காமல் தண்ணீருக்குள்ளும் இறங்கிப் போகின்றன. கண்ணாடி மாதிரித் தண்ணீர். கீழே சுவர், வாசல், உடைந்த ஜாடிகள். யாரோ ஒருத்தி கோலம் போட்டிருக்கக்கூடிய வாசல் மேல் நான் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே இறங்கி நீந்தக் கூடாது, சட்டப்படி தடை. இது ஒன்றுக்காகவே போகலாம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அரை மணிக்கு ஒரு முறை முராத் நிறுத்தித் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நான் பாட்டிலைத் தூக்கி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டேன். பிருந்தா என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் பாட்டிலைத் தூக்கினாள்.

மதியச் சாப்பாடு எதிர்க்கரையில் காலேகோய் என்ற ஊரில். அதற்கு நடுவில் உள்ள கடலைக் குறுக்கே கடக்க வேண்டும், ஒரு கிலோமீட்டருக்கு மேல். பன்னிரண்டு இருபதுக்குக் கிளம்பினோம். தீவின் மறைவை விட்டு வெளியே வந்ததும் மேற்கிலிருந்து காற்று. அலை பெரிதில்லை, ஆனால் விடாமல் பக்கவாட்டில் வந்து அடித்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குத் தோள் விட்டுப்போக ஆரம்பித்தது, கண்ணில் சின்னச் சின்னப் புள்ளிகள். பெருமாளே, கரை சேரும் வரைக்கும் தாங்கு என்று வேண்டிக்கொண்டேன். முன்னால் காலையில் சாப்பிட்ட குழந்தை இருக்கிறாள், அவள் இழுத்துவிடுவாள் என்று ஒரு தைரியம்.

படகு கனமானது போல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் பிருந்தாவின் துடுப்பு நின்றுபோயிருந்தது.

"அம்மிணி, கையப் போடு கண்ணு. காத்து தள்ளுது பாரு."

அவள் மெதுவாக முன்னால் சாய்ந்தாள். துடுப்பு கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்து, எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அவள் தலை படகின் மேல் தட்டில் கவிழ்ந்தது.

நான் கத்திய சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவள் எனக்கு நாலடி முன்னால் இருக்கிறாள், எழுந்தால் கவிழ்ந்துவிடும், கை எட்டாது. பெற்ற குழந்தையை நாலடி தூரத்தில் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க! ஏனுங்க!" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தேன்.

நூறடி முன்னால் போயிருந்த முராத் எப்படித் திரும்பினார், எப்படி வந்தார் என்று தெரியாது. தன் படகை எங்கள் படகோடு ஒட்டிக் கையால் பிடித்துக்கொண்டார். மறுபக்கம் இவர் வந்து பிடித்தார். முராத் அவள் கழுத்தில் தண்ணீர் ஊற்றினார். கண்ணைத் திறந்தாள். உதடு வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

காலையில் என்ன சாப்பிட்டாள் என்று முராத் கேட்டார்.

"ரெண்டு முட்டை, ரொட்டி" என்றார் இவர், ஆங்கிலத்தில்.

பிருந்தா தலையை அசைத்தாள். "கேட்ஸ்" என்றாள். "ஐ கேவ் இட் டு த கேட்ஸ்."

"எதுக்குடா கண்ணு?"

"இட்ஸ் ஏகாதசி, டாடி."

இவர் என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே தெரிந்திருக்கும். என் பாட்டிலையும் அவள் பாட்டிலையும் அப்போதுதான் பார்த்தேன். இரண்டிலும் கழுத்துவரை தண்ணீர், ஒரே அளவு.

முராத் பையிலிருந்து ஒரு டப்பா எடுத்தார், தேநீருக்குப் போடும் சர்க்கரைக் கட்டி. ஒன்றை அவள் வாயருகே கொண்டுபோனார். பிருந்தா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சாப்பிடு அம்மிணி" என்றேன், அழுதுகொண்டே.

"நாளைக்கு மார்னிங்தானே சாப்பிடணும்?" என்றாள். தமிழிலேயே சொன்னாள். "ஒரு டிராப் கூடக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

முராத்துக்கு எதுவும் புரியவில்லை. காற்று எங்கள் மூன்று படகையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது. நான் கையை நீட்டினேன். முராத் எனக்கும் ஒரு கட்டி கொடுத்தார். "திரும்பிப் பாரு கண்ணு" என்றேன். அவள் தலையைத் திருப்பினாள். அவள் பார்க்கும்படி வாயைத் திறந்து சர்க்கரையைப் போட்டுக்கொண்டேன். கடித்தேன். விழுங்கினேன்.

"பாத்தியா? அம்மா சாப்பிட்டாச்சு. முடிஞ்சுது. இப்ப நீ."

"இட்ஸ் ஓவர்?"

"ஓவர் கண்ணு."

வாயைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று கட்டி. பிறகு செர்ரிச் சாறு, பிறகு தண்ணீர். பதினான்கு வருஷத்தில் நான் முறித்த முதல் ஏகாதசி அது. நடுக்கடலில், பன்னிரண்டே முக்கால் மணிக்கு.

முராத் கயிறு கட்டி எங்களை இழுத்தார். இவர் ஒரு கையால் எங்கள் படகை விடாமல் பிடித்தபடி ஒட்டியே வந்தார். மீதித் தூரத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். காலேகோய்க்குச் சாலையே கிடையாது, படகில்தான் போக வேண்டும், டாக்டரும் இல்லை. சாப்பாட்டுக்கடை நடத்தும் அம்மா ஒருவர் பிருந்தாவைத் திராட்சைப் பந்தலுக்கடியில் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, உப்புப் போட்ட மோரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். எங்கள் ஊர் மோரேதான். அரை மணியில் முகத்தில் ரத்தம் வந்தது. ஒரு மணி நேரத்தில் தர்பூசணி கேட்டாள். அந்த அம்மா மோருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

படுத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு அடுத்த இடி. குளியலறையில் நான் துளசித் தீர்த்தம் குடித்ததைக் கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். இது முதல் தடவையும் இல்லை. மார்ச் மாதத்திலிருந்து, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் காலண்டரில் நான் சிவப்புப் பொட்டு வைத்த நாட்களில் எல்லாம், பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டைத் தோழிக்குக் கொடுத்திருக்கிறாள். இரவு மட்டும் சாப்பிடுவாளாம், நான் பார்ப்பேன் என்பதால். டப்பா தினமும் காலியாகத்தான் வந்தது. நானும் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

"ஏன் கண்ணு?"

"நீ எனக்காகத்தானே பண்றே? நீ மட்டும் பண்றது ஃபேர் இல்ல."

"அப்புறம் எதுக்கு அம்மா படகுதான் வேணும்னு நின்னே?" என்று இவர் கேட்டார்.

"ஷி ஃபெயின்ட்ஸ், டாடி. யாராவது பார்த்துக்கணும் இல்ல?"

இவர் எழுந்து கடல் பக்கம் போய் நின்றார். நானும் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எங்கிட்டப் பொய் சொன்னதக்கூட உடு புள்ள" என்றார். "அவ பாத்துட்டே இருந்திருக்கறா. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியல."

திரும்பும்போது கயாக் இல்லை. முராத் ஒரு மோட்டார் படகு ஏற்பாடு செய்தார், ஒரு கோடியே இருபது லட்சம் லிரா, இருபது டாலருக்குக் கொஞ்சம் குறைவு. மறுநாள் காலை எழுந்ததும் வழக்கம்போலப் பெருமாளைச் சேவித்தேன். மன்னிப்பு எதற்குக் கேட்பது என்று தெரியவில்லை, விரதத்தை முறித்ததற்கா, இருந்ததற்கா. இரண்டுக்கும் கேட்டுவைத்தேன். பதில் சொல்வது அவன் வேலை.

வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் ஏகாதசியன்று பிருந்தா என் முன்னால் ஒரு தட்டை வைத்து, தானும் ஒரு தட்டோடு எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் கை வைக்கும்வரை அவள் வைக்கவில்லை. இப்போது ஏகாதசிக்குப் பழமும் பாலும் எடுத்துக்கொள்கிறேன், எல்லோர் முன்னாலும். அவளுக்கு எல்லா வேளையும் முழுச் சாப்பாடு. பெரியவளானதும் அவள் இஷ்டம். காலண்டரில் இன்னும் பொட்டு வைக்கிறேன். அவள் டப்பா காலியாக வந்தால், "யாரு சாப்பிட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் கழுவுகிறேன்.

இனி, போகிறவர்களுக்கு. ஜூலையை விட மே, செப்டம்பர் நல்லது என்று முராத் சொன்னார், வெயில் குறைவு. கடலைக் குறுக்கே கடப்பதைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள், மதியத்துக்கு மேல் காற்று எழும். குழந்தையோடு இரட்டைக் கயாக்கில் நீச்சல் தெரிந்தவர் உட்காருங்கள், குழந்தை என்ன அடம் பிடித்தாலும். உடுப்புக்கு வெள்ளைப் பருத்தி முழுக்கை, தொப்பி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாட்டிலை வாங்கி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். சர்க்கரைக் கட்டியோ கடலை மிட்டாயோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். விரத நாளாக இருந்தால் நாளை மாற்றிக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம், மாற்றிக் கொடுக்கிறார்கள்.

கரையில் வழிகாட்டி, சாப்பிட்டீர்களா என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் பதிலைச் சொல்லும்.